மூன்றாம் சரணம்

அத்தியாயம் 14

"இந்தா வாரேன்" என்றாள் ஆவுடைத்தாய்.

பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னாள். குரலில் பதற்றம் இல்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். எழுந்து நின்றாள்.

உச்சிப் பொழுது. ஆனாலும் வெயில் இல்லை. மூன்று நாட்களாகக் குற்றாலத்தில் சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் இருந்தது அவளும் பிள்ளைகள் இருவரும் மட்டும். அவர்களில் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.

கூப்பிட்டது பாட்டு.

அடுத்த நாள் அவள் கணவர் செல்லப்பாவுக்குத் தலைத் திவசம். அதற்காகப் பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் மகன் மணிமுத்து ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கியிருந்தான். ஒரு வருஷமாகப் பாட்டுச் சத்தமே இல்லாத வீட்டில் அம்மா முகம் கொஞ்சம் தெளியட்டும் என்று, மகள் அபர்ணா தன் ஃபோனில் அப்பாவுக்குப் பிடித்த பாட்டைத் தேடி எடுத்து, சின்ன ஸ்பீக்கரில் போட்டாள். போன வாரம் அதோடு நிறுத்தியிருந்தோம். அவள் நல்லதை நினைத்துத்தான் செய்தாள். ஆனால் போட்டது நான்காவது பாட்டு.

செல்லப்பா ஒரு காலத்தில் தென்காசியில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். ஜனங்கள் பாட்டுகளின் பெயரை ஒரு தாளில் எழுதி, காலிக் கேசட்டோடு கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுப்பார். மதுரையில் மொத்தமாக வாங்கிய பழைய தட்டுகளுக்கு நடுவே ஒருமுறை தவறுதலாக வந்து சேர்ந்தவன்தான் இங்கிலீஷ் பாடகன் டெஸ்மண்ட் ஹேல். அட்டையில் கறுப்புக் கோட்டும், எண்ணெய் தேய்த்து வாரிய முடியும், தூக்கம் வராதவனின் கண்களுமாக நின்றான். பன்னிரண்டு காதல் பாட்டுகள். தென்காசியில் ஒரு ஆள்கூட அவன் பாட்டைப் பதிந்து தரச் சொல்லிக் கேட்கவில்லை. செல்லப்பா அவனை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவன் பாடுவான். வீட்டில் யாரும் பேசக் கூடாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மட்டும் செல்லப்பா கதை சொல்லுவார்.

"ரெண்டாவது பாட்டுல ஒருத்தி ஓட்டல் மேசையில கையுறைய மறந்து வச்சிட்டுப் போயிட்டா. இவன் அதக் கையில வச்சிக்கிட்டு, திருப்பிக் குடுக்கப் போவமா வேண்டாமான்னு மூணு நிமிசம் யோசிக்கான்."

"குடுத்துட்டு வர வேண்டியதானப்பா" என்பான் அப்போது பத்து வயதாகியிருந்த மணிமுத்து.

"குடுத்துட்டா பாட்டு ஏதுல? மூதி."

கத்தாமல் பாடுகிறவன் என்பதுதான் செல்லப்பாவுக்கு ஹேலிடம் பிடித்த விஷயம். சோகம் வரும் இடத்தில் அவன் குரலை ஏற்ற மாட்டான். இறக்குவான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன்னிடம் மட்டும் சொல்கிறேன் என்பது போலப் பாடுவான். "சொல்லுக்கு முந்தி ஒரு மூச்சு விடுதாம் பாரு. பாட்டே அதுக்குள்ளதாம்ட்டி இருக்கு" என்பார் அபர்ணாவிடம்.

நான்காவது பாட்டில் அந்த மூச்சு நன்றாகவே கேட்கும். சரணம் முடியும் இடத்தில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுபோகும். அவன் மட்டும் தனியாகக் கேட்பான்: ஹவ் வுட் ஐ. நீ இல்லாமல் நான் எப்படி என்கிற கேள்வி. அதை அவன் கேட்கிற மாதிரியில் முதல் எழுத்து மூச்சோடு கரைந்துவிடும். மிச்சம் இருப்பது, ஆவுடை.

இங்கிலீஷ்காரனுக்கு அது பாதியில் நிற்கும் கேள்வி. தென்காசிப் பக்கத்தில் அது ஒரு பெண்ணின் பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் ஆவுடைத்தாய் அந்தப் பாட்டைக் கேட்டுக் கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். செல்லப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏட்டி ஆவுடை, ஒன்னயத்தான் கூப்பிடுதான். என்னன்னு கேளு."

"மாட்டேன். உச்சியில பேரு சொல்லிக் கூப்பிட்டா ஒடனே ஏன்னு கேக்கக் கூடாது. காத்து கருப்பு ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாது. மூணாவதும் கூப்பிட்டாத்தான் அது நம்ம மனுசன்."

அந்தத் தட்டில் இரண்டாவது சரணம் முடிந்ததும் ஒரு கீறல். ஊசி துள்ளி ஐந்தாவது பாட்டுக்குப் போய்விடும். எத்தனை முறை போட்டாலும் அப்படித்தான். செல்லப்பா கீறலை விரலால் தடவிச் சொல்லுவார்: "மூணாவது இதுக்குள்ள கெடக்கு. என்னைக்காவது வெளிய வந்தா, நாந்தான் கூப்பிடுதேன்னு வச்சிக்க."

முப்பத்தெட்டு வருஷம் அது வீட்டுக்குள் புழங்கிய விளையாட்டுப் பேச்சு. ஃபோனில் இருக்கும் பாட்டில் கீறல் கிடையாது என்பது அபர்ணாவுக்கு உறைக்கவே இல்லை.

முதல் முறை ஆவுடை என்றபோது அம்மா வெண்டைக்காயிலிருந்து தலையைத் தூக்கினாள். இரண்டாவது முறை மெல்லச் சிரித்தாள். அப்புறம் வயலின்கள் நீண்டுகொண்டே போயின. கூடத்தில் சட்டென்று ஒரு குளுமை. சாரல் சத்தம்கூட ஒதுங்கி நின்றது போல இருந்தது.

ஆவுடை.

"இந்தா வாரேன்."

மணிமுத்துதான் முதலில் அசைந்தான். பாய்ந்துபோய் ஃபோனை எடுத்துப் பாட்டை நிறுத்தினான்.

"யாருக்கும்மா வாரேன்னு சொல்லுத?"

"ஒங்கப்பாவுக்கு."

"அப்பா எங்க கூப்பிட்டாக?"

"ஏன், ஒனக்குக் கேக்கலயா?"

மணிமுத்து தரையைப் பார்த்தான். அவனுக்கும் கேட்டிருந்தது. அபர்ணாவுக்கும் கேட்டிருந்தது.

*

அதற்குப் பிறகு ஆவுடைத்தாய் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை. அவள் அழுதிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். அதற்கெல்லாம் என்ன செய்வதென்று பிள்ளைகளுக்குத் தெரியும். அவள் வீட்டை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள்.

வெண்டைக்காயைத் தாளித்து இறக்கினாள். தலை குளித்து, அரக்குக் கரை போட்ட வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். பிறகு அபர்ணாவைக் கூப்பிட்டாள்.

"மோட்டார் சுச்ச லேசா அமுக்குனா ஓடாது. நல்லா அழுத்திப் பிடிக்கணும், தெரிஞ்சிக்க. கேஸ் புக்கு அலமாரியில பச்சப் பைக்குள்ள இருக்கு. பின்னால முல்லைக்கு தெனம் தண்ணி ஊத்தாத, அழுகிரும்."

"எதுக்கும்மா இதெல்லாம் இப்ப சொல்லுத?"

"பொறவு கேட்டா யாரு சொல்லுவா?"

காதிலிருந்த தோட்டைக் கழற்றி மகள் உள்ளங்கையில் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பாத்திமுத்துவிடம் வாங்கி வந்திருந்த இடியாப்ப உரலை விளக்கித் துடைத்து, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் மகனிடம் திரும்பினாள்.

"ஏலே மணி, நாளைக்கி ஒரு எலை கூடவே போட்டுருங்க."

"விருந்தாளி யாரும் வாராகளா?"

"விருந்தாளிக்கு இல்லல. ஒங்கப்பாவுக்குப் பக்கத்துல."

மணிமுத்துவின் முகம் வெளிறிப்போனது. சந்தையில் இருபது லாரிக்காரர்களை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்துகிறவன் அவன்.

"எம்மா, கோட்டி மாதிரிப் பேசாத."

"கோட்டி என்ன கோட்டி? கூப்பிட்டாக, வாரேன்னு சொல்லிட்டேன். சொன்னா போவண்டாமா?"

அவன் தங்கையின் கையைப் பிடித்துப் புறவாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஒன்னய யாருட்டி அந்த எழவுப் பாட்ட போடச் சொன்னா?"

"அம்மா சிரிக்கட்டும்னு போட்டேன்."

"சிரிக்கால்லா! நல்லாச் சிரிக்கா! ஒருமாதிரிச் சிரிச்சிக்கிட்டே எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கா. நம்ம பெரியாச்சி இப்படித்தான் சாவிக்கொத்த எடுத்துக் குடுத்துட்டுப் போய்ப் படுத்தா. எந்திரிக்கவே இல்ல. கீழப்பாவூருல ஒங்க மதினிக்கு ஃபோனப் போட்டு நரசிம்மர் கோயில்ல வெளக்குப் போடச் சொல்லிட்டேன். நீயும் ஏதாவது பண்ணு. படிச்சவதான நீ?"

ரோட்டில் போலீஸ் ஜீப் ஒலிபெருக்கியோடு மெதுவாகப் போனது. ஐந்தருவியில் தண்ணீர் கூடிவிட்டது, குளிக்கத் தடை, அருவிப் பக்கம் யாரும் போக வேண்டாம். எண்ணெய் வழியும் தலையோடு சுற்றுலாக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வேனுக்குத் திரும்பினார்கள். சமையலறை ஜன்னலில் ஆவுடைத்தாயின் முகம் தெரிந்தது. அவள் ஜீப்பைப் பார்க்கவில்லை. ஐந்தருவிப் பக்கம் ரோடு வளையும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே" என்றாள் அபர்ணா. "நான் திரும்பி வர வரைக்கும் அம்மாவ விட்டு நகராத. தென்காசி வரைக்கும் போய்ட்டு வந்திருதேன்."

"இப்ப எதுக்குத் தென்காசி?"

"கூப்பிட்டது அப்பா இல்லன்னு அம்மாவுக்குக் காட்டணும். அதுக்கு ஒரு வழி இருக்கு."

*

அபர்ணா தென்காசியில் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிக்கிறவள். ஆறு மாதத்துக்கு முன்னால் அம்மாவையும் சோதித்திருக்கிறாள். சோதனைத் தாளில் அம்மாவின் கோடு பாதி வழி வரை சமமாக வந்து, அப்புறம் மலைச்சரிவு போலச் சடாரென்று இறங்கியது. கனமான ஓசைகள் கேட்கும். மெல்லிய ஓசைகள் கேட்காது. ஆ, ஊ, ஐ எல்லாம் காதில் விழும். சொற்களுக்கு விளிம்பு கட்டும் ஹகாரமும் ஸகாரமும் விழாது.

அப்படிப்பட்ட காதுக்கு 'ஹவ் வுட் ஐ' எப்படிக் கேட்கும்? ஆவுடை என்றுதான் கேட்கும். வேறு எப்படியும் கேட்க வழியில்லை.

காதுக்குக் கருவி மாட்டிக்கொள் என்று அன்றைக்கே எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "எனக்குக் கேக்க வேண்டியது கேக்குது" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இன்று அந்த வார்த்தை வேறு மாதிரி ஒலித்தது.

ஆஸ்பத்திரியில் நோயாளிகள் போட்டுப் பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் கருவி ஜோடி ஒன்றை எழுதி வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். அம்மாவின் கோட்டுக்கு ஏற்றபடி கணினியில் அதைச் சரிசெய்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்திவிட்டாள்.

திரும்பும் வழியில் மழை கனத்தது. பெட்ரோல் பங்க் ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தி ஒதுங்கினாள். ஃபோன் பையில் கனமாகக் கிடந்தது. அந்தப் பாட்டை ஒரு தடவை போட்டுக் கேட்டுவிடலாமா என்று தோன்றியது. ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சே யாரோ பக்கத்தில் நின்று விடும் மூச்சு போலக் கேட்டது. அவள் ஃபோனை எடுக்கவில்லை. மழை விடும் முன்பே வண்டியைக் கிளப்பினாள்.

வாசலில் பாத்திமுத்து குடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அபர்ணா, ஒங்கம்மாவுக்கு என்னட்டி? உரலக் குடுத்துட்டு, போய்ட்டு வாரேன்னு சொல்லாம, போறேன்னு சொல்லுதாக. எங்க போறிய, மகன் வீட்டுக்கான்னு கேட்டேன். இல்ல, அவுககிட்டன்னு சொன்னாக. சொல்லிட்டுச் சிரிக்க வேற செய்யுதாக. எனக்குக் கையெல்லாம் புல்லரிச்சிப் போச்சு."

"ஒண்ணுமில்லக்கா. நாளைக்கித் திவசம்லா, அதான் மனசு சரியில்ல."

சொன்னது தன் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

*

"அந்த எழவு வேண்டாம்" என்றாள் ஆவுடைத்தாய் கருவியைப் பார்த்ததும்.

அபர்ணா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"போறதுன்னா போம்மா. நான் தடுக்கல. ஆனா கூப்பிட்டது யாருன்னு நல்லாத் தெரிஞ்சிக்கிட்டுப் போ. வேற எவனோ கூப்பிட்டதுக்கு நீ போய் நின்னன்னா அப்பா ஒன்னயப் பாத்துச் சிரிக்க மாட்டாகளா?"

ஆவுடைத்தாய் மகளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு காதோர முடியை ஒதுக்கினாள்.

"சரி வக்கீலம்மா. மாட்டு."

கருவிக்கு உயிர் வந்ததும் அவள் தோள்கள் ஒரு முறை குலுங்கின. கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாழ எலையில தண்ணி தெறிக்க சத்தம். இவ்வளவு பொடிசாவா இருக்கும்?" கொஞ்ச நேரம் கழித்து, "தகரத்துல காக்கா நடக்கு" என்றாள். அப்புறம் மகன் பக்கம் திரும்பி, "ஏலே, மூச்சு விடும்போது ஒனக்கு மூக்கு விசிலடிக்கு. ஒம்பொண்டாட்டி எப்படித்தான் ஒறங்குதாளோ" என்றாள்.

மணிமுத்து சிரித்துவிட்டான். நாள் முழுக்க அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தச் சிரிப்பில் உடைந்தது. "போடுட்டி பாட்ட" என்றான் அவனே.

அபர்ணா போட்டாள்.

முதலில் பியானோ. பிறகு ஹேல். கருவியின் வழியாக அம்மாவுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அபர்ணா அவள் முகத்தைப் பார்த்தே ஊகித்தாள். பியானோக் கட்டை மேலே எழும்பும் ஓசை, வயலின் கம்பியில் வில் உரசும் ஓசை, பாடுகிறவனின் நாக்கு பல்லைத் தொட்டு விலகும் ஓசை. இத்தனை வருஷம் பனிக்குள் நின்று பாடியவன் ஒவ்வொரு அடியாக வெளியே வந்துகொண்டிருந்தான்.

"மூச்சு விடுதான்" என்று கிசுகிசுத்தாள் ஆவுடைத்தாய். "அவுக சொல்லுவாகளே, அது இதானா?"

சரணம் முடிந்தது. வாத்தியங்கள் நின்றன.

ஆவுடைத்தாயின் உதடுகள் அசைந்தன. தெரியாத பண்டத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பது போல அந்தச் சத்தத்தை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "ஹவ்... வுட்... ஐ."

அபர்ணா அண்ணனைப் பார்த்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சரணமும் போனது. இரண்டாவது முறையும் அதே கேள்வி வந்தது. இந்த முறை ஆவுடைத்தாய் திருப்பிச் சொல்லவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"இங்கிலீஷ்ல என்னத்தையோ கேக்கான். யாரு பெத்த பிள்ளையோ. எவளையோ நெனச்சிப் பாடுதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "முப்பத்தெட்டு வருசமா எம்பேருன்னு சொல்லி ஏமாத்திட்டாரே மனுசன்."

ஜெயித்துவிட்டோம் என்று அபர்ணாவுக்குத் தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே நெஞ்சில் ஏதோ குத்தியது. அப்பா இந்த வீட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் போனது அந்த ஒரு பெயர்தான். அதையும் அவள் பிடுங்கிவிட்டாள்.

"அதத்தாம்மா நாங்களும் சொல்லுதோம்" என்று மணிமுத்து நிம்மதியாக ஃபோனைப் பார்த்துக் கையை நீட்டினான். "போதும், நிறுத்து."

"ஓடட்டும்ல. பாட்டு முடியட்டும்."

வயலின்கள் எழுந்தன. ஹேல் வாயை மூடிக்கொண்டு மெல்ல முனகினான். தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாதே என்பது போன்ற முனகல். அதில் சொல் இல்லை. பியானோ ஒவ்வொரு படியாக இறங்கியது. முனகல் தேய்ந்தது. பாட்டு முடிந்தது.

ஐந்தாவது பாட்டு தொடங்கிவிட்டது. கப்பலைத் தவறவிட்டு, துறைமுகத்திலேயே நிற்பவனின் பாட்டு.

"மூணாவது எங்க?" என்றாள் ஆவுடைத்தாய்.

அபர்ணா நான்காவது பாட்டைப் பின்னுக்கு இழுத்து மறுபடி போட்டாள். வயலின்கள், முனகல், பியானோ. திரையில் பாட்டின் வரிகள் ஓடின. இரண்டாம் சரணத்தோடு வரிகள் நின்றுவிட்டன. அதன் கீழே ஒரு சின்ன இசைக்குறி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் சரணத்தில் வார்த்தைகளே இல்லை. அந்தத் தட்டின் கீறலுக்குள் எப்போதுமே எதுவும் கிடந்ததில்லை.

"மத்தியானம் நீ வேற பாட்டப் போட்டிருப்ப" என்றான் மணிமுத்து.

"இதே பாட்டுதாண்ணே. இங்க பாரு, பன்னெண்டு ஆறுக்குப் போட்டிருக்கேன்." அவள் திரையை நகர்த்திக் காட்டினாள். "வேற ஒண்ணும் போடல."

"பின்ன எப்படிட்டி நம்ம மூணு பேருக்கும்..."

அவன் மூக்கின் விசில் இப்போது அபர்ணாவுக்கே கேட்டது.

ஆவுடைத்தாயின் முகத்தில்தான் ஒரு தெளிவு வந்திருந்தது. மத்தியானம் அபர்ணா அம்மா முகத்தில் பார்க்க ஆசைப்பட்ட அதே தெளிவு. கண்ணைத் துடைத்துக்கொண்டு சேலையை உதறி எழுந்தாள்.

"பாத்தியா? பாட்டுல அவுக இல்ல" என்றாள். "நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

"எம்மா, இரு. அந்த மிஷினையாவது கழட்டிட்டு..."

"எதுக்குக் கழட்டணும்? இப்பத்தான் நல்லாக் கேக்கு."

மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்தாள். மணிமுத்து வாசலை மறித்து நின்றான். ஆவுடைத்தாய் மகனின் கன்னத்தை ஒரு தரம் தடவினாள். அந்தக் கை பட்டதும், எதற்கென்று தெரியாமல், அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

"எங்கம்மா போற?"

"கூப்பிட்ட மனுசனுக்கு என்ன வேணும்னு கேக்கண்டாமாட்டி?"

பிள்ளைகள் சுதாரித்து ரோட்டுக்கு வந்தபோது அவள் வெகுதூரம் போயிருந்தாள். அறுபதை நெருங்கும் ஒருத்தி அவ்வளவு விரசாக நடக்க முடியாது. அவள் பேருந்து நிறுத்தத்தின் பக்கம் போகவில்லை. ஐந்தருவிப் பக்கம் போனாள். எதிரே தடையைச் சொல்லிக்கொண்டு ஜீப் மறுபடியும் வந்தது. அவள் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டாள். பிறகு தன் பாட்டுக்கு நடந்தாள். அருவியின் இரைச்சல் மரங்களுக்கு மேலே எழுந்து வந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது.

"எம்மா!" செருப்பில்லாமல் ஓடிக்கொண்டே கூப்பிட்டாள் அபர்ணா. "எம்மா! ஏம்மா!"

மூன்று தடவைக்கும் ஆவுடைத்தாய் திரும்பவில்லை.

ரோடு வளையும் இடத்தில் அவள் நின்றாள். குடையை மடக்கினாள். சாரல் முகத்தில் விழ, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். காது சோதிக்கும் அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சத்தம் விழுந்த உடனே கையைத் தூக்க வேண்டும். தினமும் நாற்பது பேர் அப்படிக் கை தூக்குவதை அபர்ணா பார்க்கிறாள்.

அம்மா கையைத் தூக்கினாள்.